நாலாவது கம்பி ஏறுது

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். அது எந்த இடம் என்று இப்போது சொல்ல மாட்டேன். அதுவரை வாயைக் கொஞ்சம் மூடி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மனிதர் கவலையில் இருக்கிறார், அவரைக் கவனிப்போம்.

அவர் பெயர் இன்னாசி மோத்தா. வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடியில், உப்பளங்களுக்குப் போகும் சாலையில், லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் வேபிரிட்ஜ் மேடையில் இருபத்தாறு வருடமாக வேலை. குரல் எப்படி இருக்கும் என்றால், ஓர் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசிப் பாருங்கள். அதுதான் இன்னாசி.

அந்தக் குரலோடு அவர் பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருபது வருடம் நின்றார். பாடினார் என்று சொல்ல முடியாது. நின்றார். சேர்ந்த முதல் மாதமே குழுவை நடத்தும் கிளாரன்ஸ் சார் சொல்லிவிட்டார்.

"இன்னாசி, நீங்க வாயை மட்டும் அசைங்க."

(கிளாரன்ஸ் சார் பேசும் இடமெல்லாம் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு படியுங்கள். அப்போதுதான் சரியாக வரும்.)

இன்னாசி வாயை மட்டும் அசைத்தார். இருபது வருடம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர், பாட்டுக்கு அடியில் கனத்த சுருதி கொடுக்கும் ஒரு பழைய பேஸ் கிடாரை வாங்கினார். நாலு கம்பி. நாலும் தடிமன். அதிலும் நாலாவது கம்பி, மண்ணெண்ணெய் ஸ்டவ் திரி மாதிரி. அதைத் தட்டினால் வரும் சத்தம் அவர் குரலின் கூடப் பிறந்தது போல இருந்தது. ஆனால் சுருதியோடு இருந்தது.

சைக்கிள் கடை மாடியில் ஜெனிட்டா டீச்சர் கிடார் வகுப்பு நடத்தினார். மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர். குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடர் உள்ளே வந்தால் குரு எழுந்து நாற்காலி போடுவார். குரு உள்ளே வந்தால் சீடர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். இப்படியே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு வகுப்பு தொடங்கும்.

நாலு மாதத்துக்கு முன் கிளாரன்ஸ் சார் இன்னாசியைப் பேஸ் வாசிக்கச் சேர்த்துக்கொண்டார். இன்னாசியிடமிருந்து ஏதோ ஒன்று கோயிலுக்குள் கேட்டது, அதுதான் முதல் தடவை.

கேட்டதுதான் பிரச்சினை.

"ஏறுது," என்றார் கிளாரன்ஸ் சார்.

"டியூன் பண்ணித்தான் சார் வச்சிருக்கேன்."

"நாலாவது கம்பி ஏறுது, இன்னாசி. நாங்க ஒரு இடத்துல நிக்கோம். நீங்க எங்க தலைக்கு மேல நிக்கீங்க."

அடுத்த ஞாயிறும் ஏறியது. அதற்கடுத்த ஞாயிறும். திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளாரன்ஸ் சார் கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சாந்தமாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அன்னைக்கும் ஏறுச்சுன்னா, பேஸை நான் இடது கையாலேயே கீபோர்டுல வாசிச்சுக்கிடுதேன். நீங்க பழையபடி நில்லுங்க."

பழையபடி என்றால் எப்படி என்று இன்னாசிக்குத் தெரியும். வாயை மட்டும் அசைப்பது.

திங்கட்கிழமை மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறி வகுப்புக்குள் வந்தார்.

"டீச்சர், ஏறுது."

"மூச்சா?"

"கம்பி."

"டியூன் பண்ணிக் காட்டுங்க அண்ணாச்சி."

இன்னாசி கிடாரின் தலையில் டியூனரைக் கவ்வ விட்டார். டியூனர் என்பது தீப்பெட்டி அளவு சாமான். அதில் ஒரு முள் உண்டு. சுருதி இறங்கியிருந்தால் முள் இடது பக்கம் நிற்கும், ஏறியிருந்தால் வலது பக்கம். சரியாக இருந்தால் நடுவில் நின்று பச்சையாகும்.

இன்னாசி நாலாவது கம்பியைத் தட்டினார். தோம்ம்ம்ம்ம். தட்டிய கையோடு முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வெளியே மின்கம்பியில் ஒரு காக்கை இருந்தது. அதைப் பார்த்தார். மூன்று விநாடி கழித்துத் திரும்பி டியூனரைப் பார்த்தார். கம்பியைக் கொஞ்சம் முறுக்கினார். மறுபடி தோம்ம்ம்ம்ம். மறுபடி காக்கை. திரும்பினார்.

"பாத்தீங்களா டீச்சர்? பச்சை."

"ஏன் அண்ணாச்சி ஜன்னலைப் பாக்கீங்க?"

"ஆடுற நம்பரைப் பாக்கக் கூடாது டீச்சர். எங்க தொழில்ல அதான் முதல் பாடம். லாரி ஏறினதும் நம்பர் குதிக்கும். அப்ப பாத்தா கண்ணு ஏமாந்துரும், கையி அவசரப்பட்டு எடைச் சீட்டு அடிச்சுரும். முகத்தைத் திருப்பிக்கிடணும். நம்பர் நின்ன பிறகுதான் பாக்கணும். இருபத்தாறு வருசத்துல என் சீட்டு ஒண்ணுகூடத் தப்புன்னு திரும்பி வந்ததில்ல."

"சரி," என்றார் ஜெனிட்டா.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "சரி" சொன்னார். அதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

"கம்பிதான் கோளாறா டீச்சர்?"

ஜெனிட்டா கம்பியை விரலால் தடவினார். விரல் கறுத்தது.

"கம்பி பழசு."

"மாத்திரட்டா?"

"மாத்துங்க."

நீங்கள் சிரிக்கப் போகும் இடம் இது இல்லை. பக்கத்தில்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை இன்னாசி புதுக் கம்பி போட்டுக்கொண்டு வந்தார். எடைமேடையின் அறையில், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் உட்கார்ந்து போட்டது. ஜெனிட்டா கிடாரின் தலையைப் பார்த்தார். குனிந்து எண்ணினார்.

"பதினொரு சுத்து."

"கம்பியை வெட்ட மனசு வரல டீச்சர். முழுசையும் சுத்திட்டேன்."

"மாட்டையா அண்ணாச்சி கட்டிப் போடுதீங்க? நாலு சுத்து போதும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்தா நழுவிக்கிட்டே இருக்கும்."

கழற்றினார்கள். இன்னாசி வெட்டுக்குறடை எடுத்தார். ஜெனிட்டா அவர் கையைப் பிடித்தார்.

"முதல்ல மடக்குங்க. பிறகு வெட்டுங்க. மடக்காம வெட்டுனா, உள்ள இருக்க கம்பிக்கு மேல சுத்தியிருக்க மெல்லிசுக் கம்பி தளந்துரும். சத்தம் செத்துப்போவும்."

மடக்கி, வெட்டி, சுற்றினார்கள். புதுக் கம்பி இழுபடும் என்பதால் அதைக் கையால் தூக்கித் தூக்கி இழுத்துப் பழக்கினார்கள். டியூன் செய்தார் இன்னாசி. தோம்ம்ம்ம்ம். காக்கை. பச்சை.

வீட்டுக்குப் போய், திருவிழாப் பாட்டின் கீபோர்டுப் பதிவை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்து, அதைக் கிளாரன்ஸ் சாருக்குக் குரல்செய்தியாக அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் குரல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"ஏறுது."

புதன்கிழமை இன்னாசியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது.

"டீச்சர், கம்பியை முறுக்குற கீ ஆடுதோ?"

ஜெனிட்டா அதை அசைத்துப் பார்த்தார்.

"ஆடுது."

"ஸ்குரூவை இறுக்கிரட்டா?"

"இறுக்குங்க."

இறுக்கினார். தோம்ம்ம்ம்ம், காக்கை, பச்சை, குரல்செய்தி. "ஏறுது."

வியாழக்கிழமை அவர் காரணத்தை வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த அண்டாக் குரல் கீழே சைக்கிள் கடைவரை கேட்டது.

"டீச்சர், கழுத்துக்கு மேல கம்பி உக்காருற பள்ளம் இருக்குல்லா, அது கம்பியைப் பிடிச்சுக்கிடுதோ? முறுக்கும்போது 'டிக்'குன்னு ஒரு சத்தம் கேக்கு."

ஜெனிட்டா முறுக்கினார். டிக்.

"பிடிக்குது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்துல தேய்ங்க. கரி உள்ள போனா வழுக்கும்."

இன்னாசி ஒரு முழுப் பென்சிலைத் தேய்த்தார். விரல், சட்டை, நெற்றி எல்லாம் கரி. கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. டிக் சத்தம் போய்விட்டது. அவருக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. கிடார் இந்த மாதிரி நல்ல நிலையில் எப்போதும் இருந்ததில்லை.

கிளாரன்ஸ் சார் அன்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் செலவழித்தார்.

"ஏறுது. நாளைக்கு."

நாளைக்கு ஒத்திகை. இன்னாசி ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி ஜெனிட்டா டீச்சரைக் கூப்பிட்டார்.

"டீச்சர், கம்பி புதுசு. கீ ஆடல. பள்ளம் பிடிக்கல. இனி கிடாருல மாத்த ஒண்ணுமில்ல. கோளாறு எனக்கா?"

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் மேடையில இருப்பீங்களா?"

"நான் எங்க போவேன்?"

"வாரேன். என்னை எடை போடணும்."

"லாரி மேடையிலயா?"

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். வெயில் உப்புக் குவியல்களில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. மேடைக்கு முன்னால் ஐந்து உப்பு லாரிகள் வரிசையில் நின்றன. முதல் லாரியில் நாமக்கல்காரர் செங்கோடன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் எப்போதும் வெற்றிலை போட்டிருப்பார். ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பாமல் வைத்துக்கொண்டு பேசினால் அவர் குரல் வரும்.

வரிசையை ஒட்டிக்கொண்டு ஒரு பச்சை ஸ்கூட்டர் வந்தது. லாரிகளைத் தாண்டியது. சரிவில் ஏறி, அறுபது டன் தாங்கும் இரும்பு மேடைக்கு வந்தது. நிற்கவில்லை. மேடையின் அந்தக் கோடிவரை போய், திரும்பி, இந்தக் கோடிக்கு வந்தது. மறுபடி திரும்பியது.

இன்னாசி அறையின் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"டீச்சர்! நில்லுங்க!"

"எதுக்கு?"

"எடை போடணும்னு சொன்னீங்கல்லா!"

"போடுங்க!"

"நின்னாத்தான் போட முடியும்!"

"நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. ஓட்டுற ஆளு எவ்வளவுன்னு சொல்லுங்க."

"நம்பர் குதிக்கும் டீச்சர்!"

"குதிக்கிறதைச் சொல்லுங்க!"

"அது எடையே இல்ல!"

"அப்ப அது என்னது?"

ஸ்கூட்டர் மூன்றாவது சுற்று. செங்கோடன் லாரியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"யாருண்ணே அந்தம்மா?"

"என் குரு," என்றார் இன்னாசி.

செங்கோடன் இன்னாசியின் நரைத்த தலையைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"குரு கேக்குறாங்க இல்ல? சொல்லிடுங்க. எங்களுக்கும் நேரமாவுது."

"ஓடுற வண்டிக்கு எப்படிய்யா சொல்ல?"

"டோல்கேட்டுல ஓட ஓடத்தான் எடை காட்டுது."

"அதெல்லாம் ஒரு எடையா?"

ஆனால் டீச்சர் நிற்பதாகத் தெரியவில்லை. இன்னாசி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சிவப்பு எண்கள் குதித்துக்கொண்டிருந்தன. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, முகத்தைத் திருப்பாமல், குதிக்கும் எண்ணைப் பார்த்தார். பார்த்ததைக் கத்தினார்.

"நூத்தி நாப்பது! இல்ல, நூத்தித் தொண்ணூறு! நூத்தி அறுபது!"

"நூத்தித் தொண்ணூறு ஒரு தரம்!" என்று செங்கோடன் வெற்றிலை வாயோடு ஏலம் விட்டார்.

"ரெண்டு தரம்!" என்றது இரண்டாவது லாரி.

மூன்றாவது லாரி ஹாரன் அடித்தது. நாலாவதும் ஐந்தாவதும் சேர்ந்துகொண்டன. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஸ்கூட்டர் ஐந்தாவது சுற்றை முடித்து, மேடையின் மறுபக்கச் சரிவில் இறங்கியது.

"டீச்சர்! சீட்டு வேண்டாமா?"

"நின்னவங்களுக்குக் குடுங்க!"

ஸ்கூட்டர் போய்விட்டது.

ஓட்டுநர்கள் சிரித்தார்கள். நீங்களும் இங்கே சிரித்திருந்தால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் நான் சொன்ன இடம் இதுவும் இல்லை. பாருங்கள், இன்னாசி சிரிக்கவில்லை. வெயிலில் டீச்சருக்குத் தலை சுற்றிவிட்டது என்று அவர் பயந்துபோனார். ஐந்து லாரிக்கும் எடை போட்டார். ஐந்து தடவையும் எண் நின்ற பிறகுதான் சீட்டு அடித்தார். ஆனால் முகத்தைத் திருப்ப மறந்துவிட்டார். கண் அந்தக் குதிப்பிலேயே போய் ஒட்டிக்கொண்டது.

மாலை ஆறு மணி. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். கிளாரன்ஸ் சார் கீபோர்டின் முன் உட்கார்ந்து, வலது கையை நடுவிலும் இடது கையை பேஸ் கட்டைகள் மேலும் வைத்திருந்தார். இடது கை தயார். அதை மண்டபம் முழுவதும் பார்த்தது.

ஜெனிட்டா டீச்சர், கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னாசிதான் துணைக்கு வரச் சொல்லியிருந்தார். தலை சுற்றிய அடையாளம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"டியூன் பண்ணியாச்சா?" என்றார் கிளாரன்ஸ் சார்.

"ஒரு நிமிசம் சார்."

இன்னாசி தட்டினார். தோம்ம்ம்ம்ம்.

முகம் திரும்பவில்லை.

முள் நடுவைத் தாண்டி வலது பக்கம் பாய்ந்தது. அங்கே சிவப்பாக நடுங்கியது. பிறகு சத்தம் தளரத் தளர, மெல்ல மெல்ல இறங்கி வந்து, நடுவில் நின்று, பச்சையாகியது.

இன்னாசி டியூனரை முறைத்தார். மறுபடி தட்டினார். வலது பக்கம் பாய்ச்சல். இறக்கம். பச்சை.

பாயும், இறங்கும், நிற்கும். நிற்பதற்கு மூன்று விநாடி.

அவர் பாட்டின் முதல் அடியைச் சத்தமில்லாமல் உதட்டில் ஓடவிட்டு, விரலால் தொடையில் தட்டிப் பார்த்தார். தும், தும், தும், தும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒரு விநாடிகூட இல்லை. பச்சை வருவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். அதற்குள் அதற்கடுத்தது. அவர் பார்த்துப் பார்த்து நிறுத்தி வைத்த அந்தச் சுருதி இத்தனை நாளில் ஒருவர் காதுக்கும் போனதில்லை. போனதெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதல் விநாடி.

"என்ன இன்னாசி, செபமா?" என்றார் கிளாரன்ஸ் சார்.

"இல்ல சார். இப்ப முடிஞ்சுரும்."

கம்பியை நன்றாகத் தளர்த்தினார். பாட்டில் தட்டும் அதே பலத்தோடு, அதே வேகத்தில் தட்டிக்கொண்டே கீழிருந்து ஏற்றினார். தும், தும், தும். பாயும் முள் நடுவில் வந்து விழும்வரை முறுக்கினார். விழுந்தது. கையை எடுத்தார். சத்தம் தளர்ந்தது. முள் நடுவைவிட்டு இடது பக்கம் சரிந்து, அங்கேயே நின்றது. விட்டுவிட்டார். மற்ற மூன்று கம்பிகளுக்கும் அப்படியே செய்தார்.

கிளாரன்ஸ் சார் எட்டிப் பார்த்தார்.

"பச்சை நிக்கலையே."

"நிக்காது சார்."

"நிக்காதா?"

"நீங்க ஆரம்பிங்க சார்."

கிளாரன்ஸ் சார் தோளைக் குலுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். இருபத்திரண்டு பேரும் மூச்சை இழுத்தார்கள். இன்னாசி தட்டினார்.

முதல் அடி முடிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது அடி. பெண்கள் வரிசையில் இரண்டு பேர் தங்களை அறியாமல் தலையை ஆட்டத் தொடங்கினார்கள். தரை சன்னமாக அதிர்ந்தது. குரல்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது போல இருந்தது.

மூன்றாவது அடியில் கிளாரன்ஸ் சாரின் இடது கை கட்டைகளிலிருந்து எழுந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தது. பிறகு கீழே இறங்கி அவர் மடியில் படுத்துக்கொண்டது. பாட்டின் பாதிவரை அது எழுந்திருக்கவில்லை.

இன்னாசி அதைப் பார்த்தார். அவருக்கு வயிறு நிறைந்தது. நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நிதானம் அவர் விரலுக்கு வந்தது. விரல் பாட்டுக்கு வாசித்தது. மனசு ஓய்வாக எங்கெங்கோ போய்வந்தது. உப்பளத்துக்குப் போனது. பச்சை ஸ்கூட்டருக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வியாழன், புதன், செவ்வாய் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னால் நடந்தது.

நடந்துகொண்டே போய், திங்கட்கிழமை டீச்சர் சொன்ன இரண்டாவது "சரி"யில் இடித்துக்கொண்டது.

விரல் நிற்கவில்லை. கழுத்து மட்டும் மெல்ல, மிக மெல்ல, ஆம்ப் பெட்டியின் பக்கம் திரும்பியது.

ஜெனிட்டா டீச்சர் மண்டபத்தின் கூரையை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

"டீச்சர்," என்றது அண்டாக் குரல், பாட்டுக்கு நடுவில். "அப்ப திங்கட்கிழமையே உங்களுக்கு..."

"பாட்டு ஓடுது அண்ணாச்சி."